வாயால் பிடித்த சூரை

ஒன்பதாவது நாள் காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு நான் ஒரு சூரை மீனைப் பிடித்தேன். எட்டுக் கிலோ. தூண்டிலால் அல்ல, வாயால்.

அதற்கு முந்தைய எட்டு நாட்களில் எங்கள் படகில் மீன் வாடைகூட அடித்ததில்லை. முப்பத்தெட்டு அடிப் பாய்மரப் படகு. ஆட்கள் மூன்று பேர்: என் கணவர், அவருடைய அக்கா, நான். கணவர் மோட்டார் மெக்கானிக். கைவிடப்பட்டுக் கிடந்த இந்தப் படகை ஒன்பது வருடம் பிரித்துப் போட்டுச் சேர்த்து, மறுபடி பிரித்துப் போட்டு, கடைசியில் கடலில் இறக்கினார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இருபத்தைந்து நாள் பயணம். அந்தக் கரையில் எங்கள் மகள் இருக்கிறாள். விமானத்தில் ஏறினால் பத்து மணி நேரத்தில் பார்த்துவிடலாமே என்று கேட்ட அத்தனை பேரிடமும் அவர் சொன்ன பதில் "ம்". கல்யாணத்துக்குச் சம்மதமா என்று பெரியவர்கள் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். மனுஷன் அவ்வளவுதான்.

அண்ணி, அதாவது என் நாத்தனார், முப்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவர். பஞ்சை எண்ணி முடிக்காமல் யார் வயிற்றையும் தைக்க விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வார். படகில் வரைபடமும் குறிப்புப் புத்தகமும் அவர் பொறுப்பு. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் நல்ல தண்ணீர், பாத்திரம் கழுவக் கடல் தண்ணீர், மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் காவல் எல்லாம் அவர் போட்ட சட்டம். காவல் மாற ஒரு நிமிடம் தாமதித்தாலும் புத்தகத்தில் ஏறிவிடும்.

நான் பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் மைக்கில் பேசியவள். அதனால் ரேடியோ என் கைக்கு வந்தது. என் வாய்க்குச் சும்மா இருக்கத் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

அந்த வாரம் கரையை விட்டுக் கிளம்பியவை மொத்தம் நாலு படகுகள். ஒன்றையொன்று கண்ணால் பார்க்க முடியாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தோம். தினமும் காலை எட்டு மணிக்கு ரேடியோவில் ஆஜர் எடுப்பார்கள். எடுப்பவர் வாத்தியார். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் வாத்தியார், மனைவியோடு ஒரு படகில் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறீர்கள், காற்று எப்படி, எல்லாம் நலமா என்று கேட்பார். நலம் என்போம். அதற்கப்புறம்தான் விஷயமே ஆரம்பிக்கும்: நேற்று என்ன மீன்?

"ரெண்டு," என்பார் பல் டாக்டர். தனியாளாகப் படகு ஓட்டுகிறவர். தினமும் ரெண்டு. சில நாள் மூன்று. பச்சைப் படகில் போன மச்சான்கள் இரண்டு பேரும், ஒருவருக்கொருவர்தான் மச்சான் முறை, ஒருவர் வெல்டர், ஒருவர் எலெக்ட்ரீஷியன், "எங்களுக்கு ஒண்ணு," என்பார்கள். அப்புறம் வாத்தியார் என்னைக் கேட்பார். நான் "இன்னும் இல்லை" என்பேன். பல் டாக்டர் உடனே, "பரவாயில்லைங்க, சில பேருக்கு ராசி இருக்காது," என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைப் பிடுங்குகிற மனுஷனுக்கு ராசியைப் பற்றி என்ன தெரியும்?

எங்களிடம் தூண்டில் இல்லாமல் இல்லை. படகின் பின்னாலிருந்து அறுபது மீட்டர் கயிறு, நுனியில் இளஞ்சிவப்பு ரப்பர் கணவாய், அதன் பாவாடைக்குள் ஒளிந்த இரட்டை முள். கயிற்றைப் பின்கம்பியில் ஒரு பழைய சைக்கிள் டியூப்போடு கட்டி, டியூப்பில் ஒரு தகர டப்பாவைத் தொங்கவிட்டு, அதற்குள் இரண்டு ஸ்பூன் போட்டிருந்தேன். மீன் இழுத்தால் டியூப் நீளும், டப்பா அலறும். அலறவும் செய்தது. கிட்டத்தட்ட தினம் ஒரு தடவை. மாவு பிசைந்த கையோடும் சோப்புப் போட்ட தலையோடும் ஓடி வருவேன். பின்னால் தண்ணீர் பொங்கும், வெள்ளி வயிறு ஒன்று புரளும், கையில் கயிறு விண்ணென்று நிற்கும். அடுத்த நொடி கயிறு தொளதொளத்துப் போகும். இழுத்துப் பார்த்தால் கணவாய் மட்டும் வரும், பாவாடை கிழிந்து. இப்படி ஏழு தடவை நடந்தது.

எனக்கு இதில் கௌரவப் பிரச்சினை மட்டும் இல்லை. சாமான் வாங்கியவள் நான். அண்ணி எழுதிக் கொடுத்த பட்டியலில் பருப்பு, டின், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்தேன். "நடுக்கடல்ல போறோம். மீனுக்கா பஞ்சம்?" என்று கடையில் வைத்தே சிரித்தேன். மிச்ச இடத்தில் மகளுக்குத் துணிமணி அடுக்கினேன். மூன்று பேருக்கு இருபத்தைந்து நாளுக்குச் சரியாக இருக்கும், ஒரு பிடி கூட இருக்காது என்பது கரை மறைந்த பிறகுதான் உறைத்தது.

ஆக, ஒன்பதாவது நாள், பல் டாக்டர் "மூணு" என்று சொல்லி முடித்ததும், வாத்தியார் என்னைக் கேட்டதும், என் வாய் தானாகத் திறந்தது.

"ஒரு சூரை. எட்டு கிலோ இருக்கும்."

ரேடியோவில் ஒரே கைதட்டல். மச்சான்கள் விசிலடித்தார்கள். பல் டாக்டர் ஒரு நொடி கழித்து, "அட, நல்லது," என்றார். அந்த ஒரு நொடியிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

பொத்தானிலிருந்து கையை எடுத்துத் திரும்பினால், அண்ணி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் புத்தகத்துல எழுத மாட்டேன்," என்றார்.

"எழுத வேணாம் அண்ணி. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நேத்து மத்தியானம் நாம சாப்பிட்டது உருளைக்கிழங்கு." அவர் பேனாவை எடுத்து 'மீன்: இல்லை' என்று எழுதி, அடிக்கோடு வேறு போட்டார். என் கணவர் ஏணிப்படியில் உட்கார்ந்து "ம்" என்றார். அது எந்தப் பக்கத்து "ம்" என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு மீன் பிடித்தவளை மறுநாள் எல்லோரும் கேட்கத்தானே செய்வார்கள்? பத்தாவது நாள் ஒன்று பிடித்தேன். பதினோராவது நாள் இரண்டு. பன்னிரண்டாவது நாள், "தின்னு முடியலைங்க, மிச்சத்துக்கு உப்பு போட்டுக் கம்பியில காய வெச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டேன். எப்படித் துண்டு போட்டேன், எத்தனை கைப்பிடி உப்பு, எந்தக் கம்பி என்பது வரை சொன்னேன். மைக் கையில் இருந்தால் எனக்கு எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரிய ஆரம்பித்துவிடும். அன்றைக்கு மச்சான்கள் இரண்டு பேரும் கைதட்டவில்லை. எனக்கு அது உறைக்கவும் இல்லை.

பதின்மூன்றாவது நாள் ஆஜர் முடிந்து எல்லோரும் விடைபெறும் நேரத்தில் பெரிய மச்சானின் குரல் வந்தது. வெல்டர்.

"அக்கா, நாங்க உங்களுக்கு எழுபது மைல் பின்னாடிதான் இருக்கோம். நீங்க கொஞ்சம் மெதுவா போனீங்கன்னா நாளைக்குச் சாயந்திரம் வந்து சேந்துடுவோம். அந்த உப்பு மீனைக் கொஞ்சம் ருசி பாக்கலாமேன்னு."

"அதுக்கென்ன, வாங்க வாங்க," என்றது என் வாய். பொத்தானை விட்ட பிறகுதான் கம்பியில் மீனே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"சொல்லிடலாம்," என்றேன். "மீன் கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டுட்டோம்னு நாளைக்குக் காலையில சொல்லிடலாம்."

அண்ணி புத்தகத்தை மூடினார். "ருசிக்கு யாராவது எழுபது மைல் வருவாங்களா? அவன் குரலைக் கேட்டியா நீ? நாக்கு ஒட்டிக்கிட்டுப் பேசுறான். ஆபரேஷனுக்குப் பட்டினி போட்டவங்க அப்படித்தான் பேசுவாங்க. அந்த ரெண்டு பேரும் சரியா சாப்பிட்டு நாளாச்சு."

அறை ஆடிக்கொண்டிருந்தது. அடுப்பில் கம்பியால் கட்டியிருந்த பானை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. பானைக்குள் இருந்தது மூன்று பேருக்கான பருப்பு. பல் டாக்டர் மச்சான்களுக்கு அறுபது மைல் தெற்கே இருந்தார். அவரிடம் போயிருக்கலாம். என்னை நம்பி, என் கம்பியில் காயும் மீனை நம்பி, இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

"நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள ஒரு மீன் பிடிக்கணும்," என்றேன். "எப்படியாவது."

அண்ணி எழுந்தார். தன் படுக்கைக்கு அடியிலிருந்து என் தூண்டில் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அது எப்படி அங்கே போனது என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"பிடிக்க முடியாது. முள்ளையெல்லாம் நான் அரத்தால ராவிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. ஒரு முள்ளை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். குத்தவில்லை. பார்வைக்கு முள் மாதிரியே இருந்தது, முனை மட்டும் மழுங்கி உருண்டிருந்தது. முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்குமே, மீன் கழன்று போகாமல் பிடிக்கிற எதிர்முள், அது இருந்த இடமே வழவழவென்று இருந்தது. பெட்டியில் இருந்த பதினொன்றும் அப்படித்தான். கணவாய்க்குள் இருந்ததும் அப்படித்தான்.

"ரெண்டாவது நாள், படகு ஆடினப்ப, நீ சுத்தின முள்ளு இவன் சட்டைக் காலர்ல மாட்டுச்சே," என்று தம்பியைக் காட்டினார். "கண்ணுக்கு இவ்வளவு கிட்டத்துல. எங்க பாத்தாலும் தண்ணி, ஆஸ்பத்திரி எங்க இருக்கு? முள்ளு குத்தின கண்ணை நான் பாத்திருக்கேன். நீ பாத்ததில்ல. சொன்னா கேக்கவும் மாட்ட."

"அப்ப நான் ஏழு தடவை ஓடி வந்தது?"

"பாவமாத்தான் இருந்துச்சு."

"தினமும் மீன் இல்லைன்னு அடிக்கோடு போட்டு எழுதினீங்களே அண்ணி!"

"இல்லைன்னுதானே எழுதினேன். அது உண்மைதானே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து சிரிப்பு வந்தது. எட்டுக் கிலோ பொய்க்காரியும் பதினொரு முள் ராவிய சத்தியக்காரியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் வேறு என்ன செய்வது? அண்ணிக்கும் உதடு துடித்தது. என் கணவர் மட்டும் பெட்டியை இழுத்து, ஒரு முள்ளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அந்தப் பயணத்திலேயே மிக நீளமான பேச்சைப் பேசினார்.

"முனையைத் தீட்டிடலாம். எதிர்முள் வராது. கயிறு ஒரு நொடி தளர்ந்தாலும் மீன் கழண்டுடும்."

பதினோரு மணிக்குள் மூன்று முட்கள் ஊசி மாதிரி ஆகிவிட்டன. அண்ணி ஒரு நிபந்தனை போட்டார்: முள் கையில் இருக்கும்போது எல்லோரும் கண்ணாடி போட வேண்டும். அவருடைய உபரி மூக்குக் கண்ணாடியை என் கணவருக்கு மாட்டிவிட்டார். அதைப் போட்டால் அவருக்குக் கடல் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. இருந்தாலும் "ம்" என்று போட்டுக்கொண்டார்.

மச்சான்கள் வந்து சேர நாங்கள் முன்னேறாமல் இருக்க வேண்டும். ஆனால் மெதுவாகப் போகிற இரையைச் சூரை திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் என் கணவர் படகைக் காற்றுக்குக் குறுக்கே முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினார், திருப்பி மறுபடி ஒரு மணி நேரம் ஓட்டினார். ஒரே தண்ணீரை உழுதுகொண்டிருந்தோம். அலை பக்கவாட்டில் அடித்து, தட்டுகள் அலமாரிக்குள் கடகடத்தன. நான் சைக்கிள் டியூப்பை விட்டு நகரவில்லை. சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னேன்.

மூன்று மணிக்கு டப்பா அலறியது. கயிறு நீண்டது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. மாட்டிக்கொண்டது! அப்போது என் கணவர் ஒன்பது வருடக் கனவில் பழகிவைத்திருந்த காரியத்தைச் செய்தார். மீன் மாட்டினால் பாயைத் தளர்த்தி வேகத்தைக் குறைக்க வேண்டும், எல்லாப் படகிலும் அப்படித்தான். பாய் படபடத்தது, படகு தயங்கியது, கயிறு தொய்ந்தது. முள் காலியாக வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவரை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை ஆஜரில் மச்சான்கள், "இருபத்தாறு மைல்தான், வந்துட்டோம் அக்கா," என்றார்கள். பல் டாக்டர் எனக்கும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள் என்று கிண்டல் செய்தார். நான் சிரித்து வைத்தேன்.

பதினோரு மணி. வலது பக்கம் பறவைகள். முதலில் நாலு, அப்புறம் நாற்பது. ஒரே இடத்தில் வட்டமிட்டு, ஒவ்வொன்றாகத் தலைகீழாக விழுந்தன. அவற்றுக்குக் கீழே பறக்கும் மீன்கள் கூட்டமாக எழுந்து தெறித்தன. அவற்றைத் துரத்திக்கொண்டு ஏதோ வருகிறது.

"அங்க போங்க," என்று கத்தினேன். அண்ணி சுக்கான் சக்கரத்தைத் திருப்பினார். படகு சாய்ந்தது. இரண்டு நிமிடத்தில் அந்தக் கொந்தளிப்பின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனோம், பின்னால் அறுபது மீட்டரில் எங்கள் இளஞ்சிவப்புக் கணவாய் குதித்துக் குதித்து வந்தது.

டப்பா அலறவில்லை. பிய்த்துக்கொண்டு கடலுக்கே போய்விட்டது. சைக்கிள் டியூப் அந்த அளவுக்கு நீண்டு நான் பார்த்ததில்லை.

"வேகத்தைக் குறைக்காத தம்பி," என்று அண்ணி சக்கரத்திலிருந்து அதட்டினார். "பாய் கிட்டயே போகாத."

எப்படி இழுப்பது? ஓடுகிற படகில் கையால் இழுக்க முடியாத கனம். என் கணவர் ஒரு நொடி யோசித்தார். கயிற்றை எடுத்து, பாய்க் கயிறு இறுக்குகிற வின்சில் மூன்று சுற்றுச் சுற்றிக் கைப்பிடியைச் செருகினார். அவர் சுழற்றச் சுழற்ற, வருகிற நுனியை நான் இழுத்துப் பிடிக்க வேண்டும். நான் விட்டால் சுற்று வழுக்கும், சுற்று வழுக்கினால் கயிறு தளரும். கையுறைக்குள் விரல் எரிந்தது. காலைத் தூணில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். அலை படகைத் தூக்கி முன்னால் தள்ளும்போது கயிறு தந்தி மாதிரி பாடியது. அலை கடந்து படகு இறங்கும்போது, தளரப் பார்க்கும்போது, "இப்ப, இப்ப, இப்ப," என்று நான் கத்த, அவர் பேய் பிடித்தவர் மாதிரி சுழற்றினார்.

"வருதா?" என்றார் அண்ணி, திரும்பிப் பார்க்காமல்.

"வருது அண்ணி."

"எவ்வளவு பெருசு?"

"பொய் சொல்லல, அண்ணி. என் இடுப்பு வரைக்கும் இருக்கும்."

நீலம் முதலில் தெரிந்தது, அப்புறம் மஞ்சள் துடுப்பு, அப்புறம் என்னையே பார்த்த கறுப்புக் கண். கொக்கிக் கம்பை எடுக்க என் கணவர் வின்சை விட்டாக வேண்டும். முழுக் கனமும் என் கையில். "ம்" என்றார். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகப் புரிந்தது: பிடி, நான் போகிறேன். பிடித்தேன். அவர் கம்பியில் குப்புறப் படுத்து, மங்கல் கண்ணாடியைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, கொக்கியைச் செவுளுக்கு அடியில் போட்டு ஒரே தூக்காகத் தூக்கினார். மீனும் அவரும் நானும் ஒன்றாக மல்லாந்து விழுந்தோம். தரை தொட்ட அடுத்த நொடி முள் தானாகக் கழன்று என் காலடியில் உருண்டது.

படகே அதிரும்படி அடித்தது மீன். அண்ணி தானியங்கிச் சுக்கானைப் போட்டுவிட்டு ஈரத் துண்டோடு வந்தார். அதன் கண்களை மூடினார், மேலே உள்ளங்கையை வைத்தார். தியேட்டரில் பயந்துபோய்ப் படுத்திருப்பவர்களுக்கு அப்படித்தான் வைத்திருப்பார் போல. மீன் அடங்கியது. அதற்குப் பிறகு கத்தியை என் கணவர் எடுத்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

தராசில் பதினாறு கிலோ. அண்ணி இரண்டு தடவை நிறுத்துப் புத்தகத்தில் எழுதினார். நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், எதற்கென்று தெரியாமல் கணவரின் தலையில் ஒரு குட்டு வைத்தேன். தப்பித்துவிட்டேன். இனி யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. உப்பு மீனை முடித்துவிட்டோம், இது இன்றைக்குப் பிடித்தது என்று சொன்னால் கதை தீர்ந்தது.

நாலு மணிக்குப் பச்சைப் படகு வந்தது. அலையில் இரண்டு படகுகளும் ஒட்டி நிற்க முடியாது, உரசினால் உடையும். இருபது அடி தள்ளி இணையாக ஓடினோம். என் கணவர் கயிறு வீசினார். மூடி போட்ட வாளியில் பாதி மீன், ஒரு பை அரிசி, கொஞ்சம் உருளைக்கிழங்கு. வாளி தண்ணீரில் மிதந்து அவர்கள் பக்கம் போனது.

கிளம்பும்போது துறையில் பார்த்த ஆட்களா இவர்கள் என்று இருந்தது. கன்னம் ஒட்டி, சட்டை தொங்கியது. பெரிய மச்சான் வாளியைத் திறந்தார். கத்தியை எடுத்தார். அடுப்புப் பக்கமே போகவில்லை. நின்ற இடத்தில் ஒரு துண்டு வெட்டிச் சின்ன மச்சானிடம் கொடுத்தார், ஒரு துண்டைத் தன் வாயில் போட்டார். சின்னவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று தின்றார்.

"எத்தனை நாளாச்சு?" என்று அண்ணி குரல் கொடுத்தார்.

"ஒன்பது நாளா பிஸ்கெட்டுதாங்க. டீசல் கேன் ஒடைஞ்சு அரிசி, மாவு எல்லாத்துலயும் ஊறிப்போச்சு."

"தினமும் எல்லாம் நலம்னு சொன்னீங்களே. மீன் ஒண்ணுன்னு சொன்னீங்களே," என்றேன் நான்.

பெரிய மச்சான் வாயைப் புறங்கையால் துடைத்தார். "என்னத்தை அக்கா சொல்றது? டாக்டர் ரெண்டு, மூணுங்கிறாரு. நீங்க தின்னு முடியலன்னு உப்பு போட்டு வெக்கிறீங்க. அதே கடல்ல நாங்க ரெண்டு தடிப்பசங்க பசிக்குதுன்னு சொன்னா கேவலமா இருக்காதா? அன்னிக்கு நீங்க அந்த உப்பைப் பத்திச் சொன்னப்ப, இவன் ரேடியோவை அணைச்சுட்டு அழுதான்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் வாய் சும்மா இருந்தது.

பதினைந்தாவது நாள் காலை எட்டு மணி. வாத்தியார் கூப்பிட்டார். இடம் சொன்னேன், காற்றுச் சொன்னேன். மீன் என்ன என்று கேட்டார்.

"நேத்து ஒரு சூரை, பதினாறு கிலோ. அதுக்கு முன்னாடி நான் சொன்னதெல்லாம் பொய்," என்றேன். "எட்டு கிலோ சூரை, அப்புறம் ரெண்டு, உப்பு, கம்பி எல்லாமே. ஒண்ணுகூடப் பிடிக்கல. அதையும் கேட்டுத்தான் மச்சான்கள் பட்டினியை வெளிய சொல்லாம இருந்திருக்காங்க. என்னை மன்னிச்சுடுங்க."

பொத்தானை விட்டேன். இரைச்சல் மட்டும் வந்தது. முகத்தைப் பார்க்காமலே மூன்று படகுகளும் என்னைப் பார்ப்பது போலிருந்தது.

அப்புறம் பல் டாக்டரின் குரல். "முதல் நாலு நாள் நெஜமாவே பிடிச்சேங்க. அஞ்சாவது நாள் பெரிய மீன் ஒண்ணு கயிறோட அறுத்துட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறம் தூண்டிலே இல்ல. கடைவாய்ப் பல்லு வேற வலி உயிர் போகுது. நாலு நாளா தூங்கல. என் பல்லை நானே எப்படிப் பிடுங்கறது?"

யாரோ சிரித்தார்கள். பச்சைப் படகுதான். அப்புறம் அவரே சிரித்தார். சிரித்துவிட்டு வலியில் முனகினார். வாத்தியார் இப்போது அடுத்த பேரைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தோம். கூப்பிடவில்லை.

"வாத்தியாரே, இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன்." குரல் வாத்தியாருடையது மாதிரியே இல்லை. "என் வீட்டுக்காரி ஆறு நாளா எழுந்திருக்கல. ஏணியில கால் கிழிச்சுக்கிட்டா. இப்ப கால் வீங்கிச் செவந்து கெடக்கு. காய்ச்சல் எறங்கவே மாட்டேங்குது. நலமான்னு கேக்குறவனே நலமில்லன்னு சொன்னா எல்லாரும் பயந்துடுவீங்கன்னு நெனச்சேன். நீங்கல்லாம் மீனும் சிரிப்புமா இருந்தீங்க."

அண்ணி என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். "செவப்பு முழங்காலைத் தாண்டிடுச்சா?"

"இல்ல. முழங்காலுக்கு நாலு விரல் கீழ நிக்குது."

"ஆளு பேசுறாங்களா? தண்ணி குடிக்கிறாங்களா?"

"குடிக்கிறா. பேசுறா."

"அப்ப நேரம் இருக்கு. காலை மேல தூக்கி வெச்சு, செவப்பு எங்க முடியுதோ அங்க பேனாவால கோடு போடுங்க. ஊசி, மருந்து எல்லாம் எங்கிட்ட இருக்கு. உங்க இடத்தை மறுபடி சொல்லுங்க. மெதுவா."

அவர் சொல்லச் சொல்ல அண்ணி எழுதினார். அறுபது மைல், காற்று வரும் திசையிலேயே. எழுதி முடிப்பதற்குள் படகு சாய்ந்தது. என் கணவர் யாரையும் கேட்காமல் சக்கரத்தைத் திருப்பியிருந்தார். தட்டுகள் எல்லாம் தரையில் சிதறின, பாய் அறைந்து நின்றது, முதல் எதிரலை மேல்தளத்தில் ஏறி வழிந்தது. நான் மைக்கை வாங்கிப் பொத்தானை அழுத்தினேன்.

"திரும்பிட்டோம் வாத்தியாரே. இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள வந்துடுவோம்."

அண்ணி வரைபடத்தில் அளவுகோலை வைத்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "எதிர்க்காத்து. நாளைக்குக் காலையில ஆறு மணி ஆகும்."

பொத்தானை மறுபடி அழுத்தினேன்.

"இல்ல வாத்தியாரே. நாளைக்குக் காலையில ஆறு மணி ஆகும்," என்றேன். "அதுவரைக்கும் நான் ரேடியோவை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."